இருபத்தெட்டுப் பாடல்களும் விடுபட்ட ஒருத்தியும்

அக்கா மகளுக்குப் போன ஆண்டு பதினைந்து வயது நிறைந்தது. எட்டு மாதமாகக் கிட்டார் கற்றுக்கொண்டிருந்தாள். சக் பெர்ரியைக் கேட்காமல் எலெக்ட்ரிக் கிட்டாரைத் தொடாதே என்று அவளுடைய ஆசிரியர் சொல்லியிருந்தாராம். வீட்டில் அவளுடைய அப்பா ஒரு பழைய டர்ன்டேபிளைப் பழுதுபார்த்து வைத்திருந்தார். அக்கா போன் செய்தாள். "பர்த்டேக்கு சக் பெர்ரி ரெக்கார்டு வேணுமாம். எனக்கு இதெல்லாம் என்ன தெரியும்? நீதான் காலேஜ்லேர்ந்து இந்தப் பாட்டையே கேட்டுக்கிட்டுக் கெடக்கறே. நல்லதா ஒண்ணு பாத்து வாங்கிக் குடுடீ."

நல்லதாக ஒன்று. ஒரு மாலை நேரத்து வேலை என்றுதான் நினைத்தேன். மூன்று வாரம் ஆயிற்று. அந்த மூன்று வாரத்தில் நான் யோசித்ததையே இங்கே எழுதுகிறேன்.

சக் பெர்ரிக்கு எது நல்ல தொகுப்பு என்பது முதலில் வெறும் நடைமுறைக் கேள்விதான். 1955-இல் சிகாகோவின் செஸ் நிறுவனத்தில் 'மேபலீன்' பாடலைப் பதிவுசெய்தவர் அவர். அக்காலத்தில் இத்தகைய பாடல்கள் ஒற்றை ஒற்றையாக, பக்கத்துக்கு ஒன்றாகச் சிறு தட்டுகளில் வந்தன. முழு நீள இசைத்தட்டு பிறகு அவற்றைச் சேர்த்துக் கட்டிய மூட்டை மட்டுமே. ஆகவே ராக் அண்ட் ரோலின் முதல் தலைமுறையைக் கேட்கத் தொகுப்புதான் வழி. ஆனால் தொகுப்புகளிலும் கண்ணிவெடி உண்டு. 1966-இல் அவர் மெர்குரி நிறுவனத்துக்கு மாறினார். 1967-இல் அங்கே 'கோல்டன் ஹிட்ஸ்' என்று ஒரு தட்டு வந்தது. பெயரைப் பார்த்து வாங்குகிறவர்கள் ஏமாந்து போவார்கள். பழைய பாடல்களை அதில் திரும்பப் பாடிப் பதிந்திருக்கிறார். பாட்டு அதேதான், உயிர் இல்லை. 1988-இல் வந்த 'தி செஸ் பாக்ஸ்' விரிவானது, ஆனால் பதினைந்து வயதுக்காரிக்கு அது பாடப்புத்தகம் போல இருக்கும். 2006-இல் வந்த 'தி டெஃபினிட்டிவ் கலெக்‌ஷன்' 1972 வரை நீண்டு 'மை டிங்-எ-லிங்' பாட்டையும் சேர்த்துக்கொள்கிறது. அமெரிக்கப் பொதுப்பட்டியலில் அவருக்கு முதலிடம் வாங்கித் தந்த ஒரே பாட்டு அந்த இரட்டை அர்த்தப் பாட்டுதான் என்பது அவர்மீது விழுந்த ஒரு சாபம்.

மிஞ்சுவது 1982-இல் செஸ் வெளியிட்ட 'தி கிரேட் ட்வென்டி-எய்ட்'. இரண்டு தட்டுகள், நான்கு பக்கங்கள், 1955 முதல் 1965 வரையிலான இருபத்தெட்டுப் பாடல்கள். ரோலிங் ஸ்டோன் இதழ் 2003-இல் வெளியிட்ட 500 சிறந்த ஆல்பங்களின் பட்டியலில் இது 21-ஆம் இடம் பெற்றது. குறையும் உண்டு. 'ப்ராமிஸ்ட் லேண்ட்', 'யூ நெவர் கேன் டெல்' இரண்டும் இதில் இல்லை. ஆனாலும் ஒருத்திக்கு முதன்முதலில் கொடுக்க இதைவிடச் சரியானது எதுவும் கிடையாது. கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது. வாங்கவும் செய்தேன். மேசைமேல் வைத்துவிட்டு உறைமேல் இருந்த பாட்டு வரிசையைப் படித்துக்கொண்டிருந்தேன். 'ஸ்வீட் லிட்டில் சிக்ஸ்டீன்' என்ற இடத்தில் கண் நின்றது. பதினாறு வயதுப் பெண்ணைப் பற்றிய பாட்டு. நான் இதை வாங்கியிருப்பது பதினைந்து வயதுப் பெண்ணுக்கு.

அப்போதுதான் அந்தப் பதினான்கு வயதுச் சிறுமியின் நினைவு வந்தது.

*

1959 டிசம்பரில் சக் பெர்ரி கைது செய்யப்பட்டார். டெக்ஸாஸ்–மெக்சிகோ எல்லையில் ஒரு சிறுமியைச் சந்தித்திருக்கிறார். அப்பாச்சி பூர்வகுடியைச் சேர்ந்தவள். வயது 14. கச்சேரிப் பயணத்தில் உடன் அழைத்துக்கொண்டு மாநிலம் மாநிலமாகச் சென்று, கடைசியில் செயின்ட் லூயிஸில் தான் நடத்திவந்த கிளப்பில் வருகிறவர்களின் தொப்பியையும் கோட்டையும் வாங்கி வைக்கும் வேலையில் அமர்த்தினார். சில நாளில் வேலையிலிருந்து நீக்கினார். ஊர் தெரியாத ஊரில் தனியாக நின்றவள் காவல்துறையின் கையில் சிக்கியபோதுதான் விஷயம் வெளியே வந்தது. வேலை கொடுக்கவே அழைத்து வந்தேன் என்பது அவர் வாதம். நீதிமன்றம் அதை ஏற்கவில்லை.

அவர்மேல் வழக்குப் போட்ட சட்டம் 1910-இல் வந்தது. ஜேம்ஸ் மான் என்ற காங்கிரஸ் உறுப்பினரின் பெயரால் வழங்கும் அந்தச் சட்டத்தின் முறையான பெயரிலேயே 'வெள்ளை அடிமை வணிகம்' என்ற தொடர் உண்டு. 'ஒழுக்கக்கேடான நோக்கத்துக்காக'ப் பெண்ணை மாநில எல்லை தாண்டி அழைத்துச் செல்வது குற்றம் என்றது அது. ஒழுக்கக்கேடு எது என்பதைச் சட்டத்தைக் கையில் வைத்திருந்தவர்கள் முடிவு செய்தார்கள். குத்துச்சண்டையில் உலக ஹெவிவெயிட் பட்டம் வென்ற முதல் கறுப்பினத்தவரான ஜாக் ஜான்சனை 1913-இல் இதே சட்டத்தில்தான் தண்டித்தார்கள். வெள்ளைப் பெண்களோடு வாழ்ந்ததே அவர் செய்த குற்றம். அவருக்கு 2018-இல், இறந்து எழுபது ஆண்டு கழித்து, மன்னிப்பு வழங்கினார்கள்.

சக் பெர்ரியின் முதல் விசாரணையில் நீதிபதி நிறவெறியோடு பேசினார். மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைக் காரணம் காட்டித் தீர்ப்பை ரத்து செய்தது. 1961-இல் மறுவிசாரணை. மறுபடியும் குற்றவாளி என்றே தீர்ப்பு வந்தது. மூன்றாண்டுத் தண்டனையில் ஏறக்குறைய ஒன்றரை ஆண்டு, 1962 பிப்ரவரி முதல் 1963 அக்டோபர் வரை, சிறையில் இருந்தார்.

இதெல்லாம் எனக்குப் புதிதாகத் தெரியவந்த செய்தி கிடையாது. இருபது ஆண்டுகளாகத் தெரியும். எப்படித் தெரியும் என்பதுதான் கேள்வி.

பல ஆண்டுகளுக்கு முன் ஒரு சிறு கூட்டத்தில் கறுப்பின இசையைப் பற்றிப் பேசினேன். உற்சாகமாகத்தான் பேசினேன். 'மேபலீன்' பாட்டை எழுதாத இரண்டு வெள்ளையர்களின் பெயர் அதன் ஆசிரியர் பட்டியலில் ஏறியதையும், அதில் ஒருவர் வானொலியில் பாட்டுப் போடும் ஆலன் ஃப்ரீட் என்பதையும் சொன்னேன். பிறகு, "புகழின் உச்சத்தில் இருந்த கறுப்பினக் கலைஞனை நிறவெறி பிடித்த ஒரு நீதிபதி சிறைக்கு அனுப்பினான்" என்றேன். கைதட்டினார்கள். கூட்டம் முடிந்து டீ குடிக்கும்போது தோழி ஒருத்தி கேட்டாள்: "என்ன கேசுப்பா அது?" சொன்னேன். "அந்தப் பொண்ணுக்கு என்ன வயசு?" என்றாள். பதினாலு என்றேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை. டீயைக் குடித்துமுடித்துக் கோப்பையை வைத்துவிட்டுப் போனாள்.

நான் சொன்ன ஒவ்வொரு சொல்லும் உண்மை. நீதிபதி நிறவெறியோடு நடந்துகொண்டது உண்மை, சட்டம் அழுக்கானது என்பதும் உண்மை. உண்மைகளைப் பொறுக்கி அடுக்கியதில் ஒரு வயது மட்டும் விழுந்துவிட்டது. நான் ஒரு தொகுப்புப் போட்டிருக்கிறேன். 'சக் பெர்ரி: சிறந்தவை'.

*

கலையையும் கலைஞனையும் பிரித்துப் பார்க்கலாமா என்பது இப்படியான இடங்களில் எல்லோரும் கேட்கும் கேள்வி. எனக்கு அந்தக் கேள்வியே சற்று வசதியானதாகத் தோன்றுகிறது. பிரிக்கலாம் என்றாலும் கூடாது என்றாலும் பேச்சு அவனைப் பற்றியே. மேடை அவனுடையதாகவே இருக்கிறது. அவள் கடைசிவரை அவனுடைய வாழ்க்கை வரலாற்றில் ஒரு 'சம்பவம்'.

காலம் அப்படி என்கிறார்கள் சிலர். 1959-இல் பதினான்கு வயது என்பது இன்றைய பதினான்கு போல இல்லையாம். அப்படியா? 'மெம்ஃபிஸ், டென்னசி' என்ற அவருடைய பாட்டு 1959-இல்தான் வெளிவந்தது. ஒருவன் தொலைபேசி ஆபரேட்டரிடம் கெஞ்சுகிறான், பிரிந்துபோன மேரியோடு பேச வேண்டும் என்று. காதலி என்றே நினைத்துக் கேட்டுக்கொண்டிருப்போம். முடிவில்தான் தெரியும், மேரி அவனுடைய ஆறு வயது மகள். மணமுறிவில் பிள்ளையைப் பிரிந்த தகப்பனின் பாட்டு. இரண்டரை நிமிடத்துக்குள் ஒரு குழந்தை குழந்தையாக இருப்பதன் முழுக் கனத்தையும் கொண்டுவந்து நிறுத்தியவருக்குக் குழந்தை என்றால் என்னவென்று காலம் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை என்று என்னால் நம்ப முடியாது.

அவர் 2017-இல் 90 வயதில் இறந்துவிட்டார், உன் காசு அவருக்குப் போகாது, பிறகென்ன என்பது இன்னொரு வாதம். காசு மட்டுமே பிரச்சினை என்றால் இது சரி. ஆனால் நான் மேசைமேல் இருந்த தட்டைப் பார்த்துக்கொண்டு யோசித்தது காசைப் பற்றி அல்லவே. இதை ஒருத்தியின் கையில் கொடுக்கும்போது கூடவே எதைக் கொடுக்கிறேன் என்பதைத்தான் யோசித்தேன்.

அப்படியானால் வேண்டாம் என்று தூக்கிப்போட்டுவிடலாம். அதற்கான காரணங்களும் வலுவானவை. 1959 ஒரு தனித்த தவறும் இல்லை. மிசூரியில் அவர் நடத்திய உணவகத்தின் பெண்கள் கழிப்பறையில் ரகசியக் கேமரா வைத்துப் படம் பிடித்ததாக 1990-இல் பல பெண்கள் வழக்குத் தொடுத்தார்கள். திருட்டைக் கண்டுபிடிக்க வைத்தது என்றார் அவர். தீர்ப்பு என்று ஒன்று வராமல், இழப்பீட்டு உடன்பாட்டில் அது முடிந்தது. இதையெல்லாம் சொல்லி, "இந்த ஆள் பொறுக்கி, இவன் பாட்டு நம்ம வீட்டுக்கு வேண்டாம்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டால் எனக்கும் நிம்மதி.

ஆனால் அந்த ஒற்றை வரியும் ஒரு தொகுப்பே. அதில் விழுந்துபோவது எது என்று பார்க்க வேண்டும்.

1955 ஆகஸ்டில் 'மேபலீன்' அமெரிக்க வானொலிகளில் ஓடிக்கொண்டிருந்தது. அதே ஆகஸ்ட் 28 அன்று மிசிசிப்பியில் எம்மெட் டில் என்ற கறுப்பினச் சிறுவனை அடித்துக் கொன்று ஆற்றில் போட்டார்கள். கடையில் ஒரு வெள்ளைப் பெண்ணிடம் வரம்பு மீறி நடந்துகொண்டான் என்பது குற்றச்சாட்டு. அவனுக்கும் வயது 14. கொன்றவர்களை வெள்ளையர் மட்டுமே கொண்ட ஜூரி விடுதலை செய்தது. கறுப்பின ஆண் என்றால் பெண்களுக்கு ஆபத்து என்ற கதை எத்தனை பேரை மரத்தில் தொங்கவிட்டது என்பதை ஐடா பி. வெல்ஸ் 1892-லேயே எழுதிவிட்டார். ஏஞ்சலா டேவிஸ் 1981-இல் வந்த 'பெண், இனம், வர்க்கம்' நூலில் அந்தக் கட்டுக்கதைக்கென்றே ஓர் அத்தியாயம் ஒதுக்கினார். இந்த வரலாற்றை விட்டுவிட்டு சக் பெர்ரியின் குற்றத்தை மட்டும் என் அக்கா மகளிடம் சொன்னால், உண்மையைச் சொல்லியே ஒரு பழைய பொய்யையும் சேர்த்துக் கொடுத்தவளாவேன்.

இரண்டு பதினான்கு வயதுகள். ஒன்றைச் சொன்னால் மற்றொன்றை மறைக்க வேண்டும் என்று யார் சொன்னது? நிறவெறிக்கு எதிராகப் பேசுகிறவர்கள் அந்தச் சிறுமியை விட்டுவிடுகிறார்கள். நானே விட்டிருக்கிறேன். ஒழுக்கம் பேசுகிறவர்கள் அந்தச் சிறுவனை விட்டுவிடுகிறார்கள். அவளுடைய நிலைமையோ இன்னும் மோசம். அவள் வெள்ளைப் பெண் இல்லை, ஆகவே அந்தச் சட்டத்தின் பெயரில்கூட அவளுக்கு இடமில்லை. அவள் கறுப்பினப் பெண்ணும் இல்லை, ஆகவே அந்த விடுதலைப் போராட்டத்தின் கதையிலும் இடமில்லை. நீதிமன்றம் கேட்டது இரண்டே கேள்வி: எல்லை தாண்டி அழைத்துப் போனாரா, என்ன நோக்கத்தோடு போனார். உனக்கு என்ன ஆயிற்று, இனி எங்கே போவாய் என்பது அந்தச் சட்டத்தின் கேள்வியே இல்லை. ஒரு சரக்கு எங்கிருந்து எங்கே போயிற்று என்று விசாரிப்பதுபோல விசாரித்தார்கள். இரண்டு முறை விசாரித்தார்கள்.

*

தொகுப்பு என்பது இயல்பாகவே விடுவது. இருபத்தெட்டை எடுக்க மற்றதை விட வேண்டும். அதில் குற்றமில்லை, விடாமல் யாராலும் எதையும் கொடுக்க முடியாது. 1977-இல் வாயேஜர் விண்கலங்களில் ஏற்றி அனுப்பிய தங்கத் தட்டில் உலகத்தின் 27 இசைத்துண்டுகள் இருக்கின்றன. அவற்றுள் ஒன்று 'ஜானி பி. குட்'. அந்தத் தட்டுக்குப் படங்களைத் தேர்ந்தெடுத்த குழு போரைக் காட்ட வேண்டாம் என்று முடிவு செய்தது. வேற்றுக்கிரகத்தாருக்கு நம் நல்ல முகத்தைக் காட்டுவோம் என்ற எண்ணம். எனக்கு அது புரிகிறது. விருந்தாளி வந்தால் நாமும் உள் அறைக் கதவைச் சாத்துகிறோம்.

ஆனால் அக்கா மகள் விருந்தாளி இல்லை. அவள் இந்த வீட்டில் வாழப்போகிறவள். நாளைக்குக் கிட்டாரைத் தூக்கிக்கொண்டு மேடை, ஸ்டுடியோ, பயணம் என்று போவாள். உன் கை நன்றாக இருக்கிறது, என்னோடு வா என்று பெரிய மனிதர் ஒருவர் கூப்பிடுவார். கதவைச் சாத்திவைத்த அறைக்குள் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ள எல்லோரையும்விட அதிக உரிமை அவளுக்குத்தான் இருக்கிறது.

அன்று இரவு அந்த நான்கு பக்கங்களையும் ஒருமுறை என் வீட்டில் போட்டுக் கேட்டேன். நான்காம் பக்கத்தில் 'கம் ஆன்' முடிந்து 'நடீன்' தொடங்குகிறது. முன்னது 1961, பின்னது 1964. இடையில் சில விநாடி ஊசி வெறும் பள்ளத்தில் ஓடுகிற சத்தம் மட்டும் கேட்கிறது. அவருடைய சிறைவாசம் முழுவதும் அந்தச் சில விநாடிக்குள் இருக்கிறது. அந்தச் சிறுமியும் அங்கேதான் இருக்கிறாள். எத்தனையோ முறை கேட்ட தட்டுதான். அந்த இடத்தில் ஓர் இடைவெளி இருப்பதே அன்றைக்குத்தான் என் காதில் விழுந்தது.

வேறொரு யோசனையும் வந்தது. இதோடு சிஸ்டர் ரோசெட்டா தார்ப்பின் தொகுப்பு ஒன்றையும் சேர்த்துக் கொடுத்துவிட்டால்? 1940-களிலேயே எலெக்ட்ரிக் கிட்டாரைக் கையில் எடுத்துத் தேவாலயப் பாட்டை ஆட்டம்போட வைத்தவர். 1945-இல் அவருடைய பாட்டு கறுப்பின இசைப்பட்டியலில் ஏறியபோது சக் பெர்ரி முதல் பாட்டைப் பதிவுசெய்யவே இன்னும் பத்தாண்டு இருந்தது. 1973-இல் இறந்தவருக்குப் பல பத்தாண்டுகள் வரை கல்லறையில் ஒரு கல்கூட இல்லை. ராக் அண்ட் ரோல் புகழ்க்கூடம் 1986-இல் முதல் கலைஞர் வரிசையைச் சேர்த்தது. பத்து இடம், பத்தும் ஆண்களுக்கு. சக் பெர்ரி அதில் உண்டு. தார்ப்புக்கு 2018-இல்தான் கதவு திறந்தது.

வாங்கினேன். ஆனால் பிறந்தநாளுக்குக் கொடுக்கவில்லை. சக் பெர்ரிக்குப் பரிகாரமாக அவரைக் கொடுப்பது அவருக்குச் செய்யும் அவமானம் என்று பட்டது. ஓர் ஆணின் குற்றத்தைக் கழுவ ஒரு பெண்ணின் பெயரைத் தண்ணீராக ஊற்றுவதை நிறையப் பார்த்தாயிற்று. அவருக்கென்று ஒரு நாள் வரட்டும் என்று எடுத்து வைத்தேன்.

*

பிறந்தநாள் சந்தடி அடங்கிய பிறகு அறையில் நாங்கள் இருவர் மட்டும். தட்டைப் பிரித்தாள். போடுவதற்கு முன் கொஞ்சம் பேச வேண்டும் என்றேன். மேலே எழுதியதையெல்லாம் எளிமையாகச் சொன்னேன். எம்மெட் டில்லையும் சொன்னேன், அந்த நீதிபதியையும் சொன்னேன். கூட்டத்தில் நான் பேசியதையும், தோழி கேட்டதையும் சொன்னேன். அதைச் சொல்லத்தான் கஷ்டமாக இருந்தது.

கொஞ்ச நேரம் உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "என்னைவிடச் சின்னப் பொண்ணு" என்றாள். பிறகு, "இவ்ளோ தெரிஞ்சும் நீங்க ஏன் சித்தி இன்னும் கேக்கறீங்க?"

மூன்று வாரமாக இந்தக் கேள்விக்குத்தான் தயாராகிக்கொண்டிருந்தேன். ஆனால் தயார்செய்த பதில் எதுவும் வாயில் வரவில்லை. "நல்லா இருக்கு, அதனாலதான். வேற காரணம் இல்ல" என்றேன். "நல்லா இருக்குங்கிறதுக்காக அவர் பண்ணினது கொறைஞ்சு போயிடாது. அவர் பண்ணினதுக்காக இந்தப் பாட்டும் மோசமாயிடல. ரெண்டையும் ஒரே தராசுல வெச்சுக் கழிக்க எனக்குத் தெரியல. அதனால ரெண்டையும் உங்கிட்ட குடுக்கறேன். கேக்கறதும் கேக்காததும் உன் இஷ்டம்."

"இப்ப வேணாம்" என்று தட்டை உறைக்குள் போட்டாள்.

நாகரிகமாக மறுத்துவிட்டாள் என்றே நினைத்தேன். வருத்தமாகவும் இருந்தது, சரி என்றும் இருந்தது. பத்து நாள் கழித்து அக்கா போனில் சொன்னாள்: "நீ குடுத்த பாட்டுதான் ராத்திரி பகலா ஓடுது. ஆரம்பத்துல வர்ற ஒரு துண்டையே தேஞ்சு போற அளவுக்கு வாசிக்கறா." 'ஜானி பி. குட்' பாட்டின் தொடக்கம். அடுத்த முறை போனபோது அவளிடம் அதையும் சொன்னேன். அந்தத் தொடக்கம் 1946-இல் லூயி ஜோர்டன் குழுவின் பாட்டு ஒன்றில் கார்ல் ஹோகன் என்ற கிட்டார்க்காரர் வாசித்தது, சக் பெர்ரி அதைத்தான் எடுத்துக்கொண்டார் என்று. "அவர் பேரும் விட்டுப்போச்சா?" என்று சிரித்தாள்.

தட்டின் உள்ளுறையில் பென்சிலால் ஏதோ எழுதியிருந்தது. பார்க்கலாமா என்றேன். தலையாட்டினாள். 'கம் ஆன்', 'நடீன்' என்று பாட்டின் பெயர்களை வரிசையாகத் தன் கையால் எழுதி, அந்த இரண்டுக்கும் நடுவே ஒரு வரியைக் காலியாக விட்டு, ஓரத்தில் '14 வயசு' என்று குறித்திருந்தாள்.

வேறு யாராவது பின்னால் இந்தத் தட்டை வாங்கினால் அவர்களுக்கு ஒன்றும் புரியாதே என்றேன்.

"கேப்பாங்க இல்ல?" என்றாள்.